என் அகலும் அவர் ஸ்கூட்டரும்

சிங்காநல்லூரில் எங்கள் தெருவுக்கு வந்த எந்த மெஷினும் கம்பெனிக்காரன் செய்து அனுப்பியபடியே நீண்ட நாள் இருந்ததில்லை. தெருவில் பாதிப் பேர் லேத் வைத்திருக்கிறார்கள், மீதிப் பேர் முன்பு லேத் வைத்திருந்தவர்கள். என் கணவர் பம்புசெட்டுக்கு ஷாஃப்டும் புஷ்ஷும் கடைந்து கொடுக்கும் சின்னப் பட்டறை நடத்துகிறார். எனக்குச் சீராக வந்த மிக்ஸியைக் கல்யாணமான அந்த வாரமே கழற்றிப் பரப்பி, "கம்பெனிக்காரனுக்கு என்ன தெரியும்" என்று சொல்லிக்கொண்டே திரும்ப மாட்டியவர். மாட்டி முடித்ததும் சில ஸ்க்ரூக்கள் மிஞ்சின. அவை தேவையே இல்லாதவை என்றார். மிக்ஸி ஓடியது, ஆகவே நானும் ஒப்புக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், தண்ணீர் சுத்தம் செய்யும் பெட்டி, பெங்களூரில் இருக்கும் மகள் ஆசையாக வாங்கி அனுப்பிய ரொட்டி சுடும் மெஷின் என்று எல்லாமே அவர் கை பட்ட பிறகுதான் வீட்டுக்குள் வேலைக்குச் சேர்ந்தன. வாரண்டி என்பது வேலை தெரியாதவர்களுக்காக ஏற்படுத்தியது என்பது அவர் கட்சி. ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் பிரித்துப் போட்ட எதுவும் அதுவரை கெட்டுப்போனதில்லை. இதைச் சொல்லாவிட்டால் கோபத்தில் எழுதுகிறேன் என்பீர்கள். கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறது.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் மின்சார ஸ்கூட்டர் வந்தது. பெட்ரோல் விற்கிற விலையில் இனி இதுதான் என்று தெருவே பேசிக்கொண்டிருந்த சமயம். ஷோரூமில் எங்கள் இருவர் கழுத்திலும் மாலை போட்டார்கள். அட்டையில் செய்த ஆள் உயரச் சாவி ஒன்றைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய்மேல் கட்டிக் கற்பூரம் கொளுத்தி, வண்டியைச் சுற்றிக் காட்டி, ரோட்டில் போட்டு உடைத்தார்கள். இதையெல்லாம் செய்தவர் ஷோரூம் மேனேஜர். இந்த விஷயம் பிறகு ஒரு இடத்தில் வரும் என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

ஸ்கூட்டரில் அவருக்குப் பெரிய குறை ஒன்றும் தெரியவில்லை. அதுவே அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆனால் சித்திரை பிறந்ததும் சார்ஜர் அவர் கையில் மாட்டிக்கொண்டது. அந்தச் சார்ஜர் சூடானால் தானாக நின்றுவிடும், ஆறிய பிறகு தானாக ஆரம்பிக்கும். பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறோம் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. எங்கள் போர்ட்டிகோ மேற்குப் பார்த்தது. சாயங்கால வெயில் சுவரில் இறங்கி நிற்கும். சார்ஜர் கொஞ்ச நேரம் ஓடும், நிறைய நேரம் நிற்கும். காலையில் பட்டறைக்குக் கிளம்பும்போது வண்டியில் பாதி சார்ஜ்கூட ஏறியிருக்காது. நோஞ்சான், நோஞ்சான் என்று அதைத் திட்டிக்கொண்டே பஸ்ஸுக்குப் போவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போர்ட்டிகோவில் நியூஸ்பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தார். காதில் டெஸ்டர், மடியில் சார்ஜரின் மூடி.

"என்னங்க பண்றீங்க?" என்றேன்.

"தூசி தட்டறேன்" என்றார்.

அன்றிலிருந்து அந்தச் சார்ஜர் நிற்கவே இல்லை. விடிய விடிய ஓடியது. பார்த்தாயா, வெறும் தூசிதான், இதற்குப்போய் சர்வீஸ் சென்டர்காரன் பார்ட்டையே மாற்றச் சொல்லியிருப்பான் என்று மார்தட்டிக்கொண்டார். நானும் நம்பினேன். மிக்ஸி ஓடியதே.

என் பங்குக்கு நானும் போர்ட்டிகோவில் ஒரு பொருளை வைத்திருந்தேன். வாசற்படியின் இடப்பக்கம் ஒரு மண் அகல். பொழுது சாய்ந்ததும் எண்ணெய் விட்டு, திரி போட்டு ஏற்றி வைப்பேன். ஸ்கூட்டர் நிற்பது வலக்கோடியில், ஹால் ஜன்னலுக்கு அடியில். நடுவில் ஒரு கார் நிற்கிற இடம் காலியாகக் கிடக்கும். எங்களிடம் கார் இல்லாததால் அதில் நான் கோலம் போட்டு வந்தேன். இந்த இடவிவரங்களை நான் பிறகு எத்தனையோ பேரிடம் கையை நீட்டி நீட்டிக் காட்டியிருக்கிறேன்.

அன்றைக்குத் திருச்சி ரோட்டில் ஒரு மண்டபத்தில் சொந்தக்காரர் வீட்டு ரிசப்ஷன். கிளம்பும்போது நான் விளக்கேற்றினேன், அவர் வண்டியைச் சார்ஜில் போட்டார். இரண்டும் தினமும் நடப்பதுதான். பந்தியில் உட்கார்ந்து இலையில் ஜாங்கிரி விழுந்த நேரம், எதிர்வீட்டுக்காரர் போன் செய்தார். வீட்டு முன்பக்கம் எரிகிறது, தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது, உடனே வாருங்கள் என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தீ அடங்கியிருந்தது. போர்ட்டிகோ கூரை கருகி, ஹால் ஜன்னல் வழியாகத் தீ உள்ளே போய், சோபா, டிவி, திரைச்சீலை, சுவரில் மாட்டியிருந்த மகளின் பட்டமளிப்புப் போட்டோ எல்லாம் போயிருந்தன. ஸ்கூட்டர் இருந்த இடத்தில் இரும்புக் கூடு ஒன்று சாய்ந்து கிடந்தது. பட்டுச்சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு கரித்தண்ணீரில் நின்றேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். பிறகு குனிந்து பார்த்தேன். வாசற்படியின் இடப்பக்கம் என் அகல் வைத்த இடத்திலேயே இருந்தது. சாயவில்லை, உடையவில்லை. தீயணைப்புக்காரர்கள் அடித்த தண்ணீர் அதில் நிரம்பியிருந்தது. அந்தப் பக்கச் சுவரில் நான் ஒட்டியிருந்த மஞ்சள் பொட்டுக்கூட அழியவில்லை.

மறுநாள் காலை அவிநாசியிலிருந்து என் கணவரின் அக்கா வந்தார். கணவரின் அக்காவை நாங்கள் நங்கையா என்று கூப்பிடுவோம். தூக்குப்போசியில் இட்லி, இன்னொன்றில் சாம்பார், கண்களில் நிஜமான கண்ணீர். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்கு ஒரு வாய் ஊட்டியும் விட்டார். அப்புறம் கேட்டார்.

"வெளக்கப் பத்த வெச்சுப்போட்டு ஊட்டப் பூட்டீட்டுக் கெளம்பீட்டயா அம்மிணி? ஆராச்சும் அப்படிப் போவாங்களா?"

"வெளக்கு இந்தக் கோடியில இருக்குதுங்க நங்கையா. எரிஞ்சது வண்டி நின்ன கோடிங்க. வந்து பாருங்க."

"காத்துன்னு ஒண்ணு இருக்குதல்ல கண்ணு" என்றார், மிகவும் அன்பாக.

எங்கள் ஊரில் பழியைக்கூடச் சாப்பாடு போட்டு, கண்ணு சொல்லித்தான் சுமத்துவார்கள். திருப்பிச் சண்டை போடவும் முடியாது, வாயில் இட்லி இருக்கும். மத்தியானத்துக்குள் சொந்தம் முழுக்கச் செய்தி போய்விட்டது. வரிசையாகப் போன். பரவால்லீங்க, உசுருக்கு ஒண்ணும் ஆகலீல்ல, இனிமேல் விளக்கு வைக்கும்போது பார்த்து வையுங்க என்று ஒருவர் விடாமல் சொன்னார்கள். ஸ்பீக்கரில் இதையெல்லாம் கேட்டபடி என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, கருகிப்போன கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிர்ச்சியில் இருக்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த தடவை வந்தபோது நங்கையா எனக்கு ஒரு பேட்டரி விளக்கு வாங்கி வந்தார். பிளாஸ்டிக் அகல், நுனியில் சின்ன பல்பு. சுடர் ஆடுவதுபோலவே ஆடும். இனிமேல் இதை வை, பயமில்லை என்றார். வீட்டுக்கு வந்த மின்சாமான்களில் என் கணவர் பிரித்துப் பார்க்காத ஒன்று அதுதான்.

கம்பெனிக்குப் புகார் செய்தோம். ஆள் அனுப்புகிறோம், அதுவரை வண்டியை யாரும் தொடவேண்டாம் என்று பதில் வந்தது. எங்கள் தெருவைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. வண்டியைத் தொடவேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் அது பட்டறை மேஜையில் இருந்தது. லேத் வைத்திருப்பவர்களும் வைத்திருந்தவர்களும் சுற்றி நின்றார்கள். எல்லோருக்கும் ஒரே நோக்கம்தான், என்ன கோளாறு என்று கண்டுபிடித்துக் கம்பெனிக்காரன் முகத்தில் அடிப்பது. அதற்குக் கழற்ற வேண்டும். கழற்றியதைக் கரி போகத் தேய்க்க வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிரேதத்தை அறுக்கும்போதுகூட இவ்வளவு பேர் உள்ளே நிற்கமாட்டார்கள். மண்ணெண்ணெயில் முக்கி எடுத்த ஒவ்வொரு பாகத்தையும் தட்டில் வரிசையாக அடுக்கினார்கள். புதிதாக வாங்கியபோதுகூட அவை அப்படிப் பளபளத்திருக்காது.

அதோடு நின்றார்களா? மோட்டாரில் கருகிய பாகம் ஒன்றை ஒருவர் எடுத்துப்போய், மறுநாள் தன் செலவில் புதிதாகக் கடைந்து கொண்டுவந்தார். இன்னொருவர் காயிலைப் பிரித்துப் புதிதாகச் சுற்றிக் கொடுத்தார். பட்டறையில் கரண்ட் கொடுத்துப் பார்த்தார்கள். தீயில் வெந்த மோட்டார் சத்தமே இல்லாமல் சுற்றியது. எல்லோரும் கை தட்டினார்கள். டீ வரவழைத்தார்கள். கம்பெனிக்காரனைவிட நன்றாக ஓடுகிறது என்று அதன்மேல் சத்தியம் பண்ணாத குறை.

கம்பெனி அனுப்பிய இளைஞர் லேப்டாப் பையும் கேமராவுமாக வந்தார். வந்தவரை முதலில் சாப்பிட வைத்தோம். பச்சைப்பயறு கடைசல், அரிசிம்பருப்பு சாதம், தயிர். வேண்டாங்க வேண்டாங்க என்று இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். பிறகு பட்டறைக்கு அழைத்துப்போய், பெருமையோடு தட்டைக் காட்டினார்கள்.

அவர் தட்டைப் பார்த்தார். மோட்டாரைப் பார்த்தார். யாரோ சுவிட்சைப் போட்டார்கள், மோட்டார் சுற்றியது.

"சார், எரிஞ்ச வண்டி எங்கீங்க?" என்றார்.

"இதானுங்க அது" என்றார் என் கணவர்.

சார்ஜர் எங்கே என்று அவர் கேட்டார். அது உருகி உருத்தெரியாமல் போய்விட்டது, மறுநாள் காலையிலேயே குப்பை வண்டியில் போட்டுவிட்டேன் என்றார் இவர். ஆணி, வளையம் உட்பட எதையும் தூக்கிப் போடாத மனிதர். எங்கள் வீட்டுப் பரணில் மிக்ஸியில் மிஞ்சிய ஸ்க்ரூக்கள் இன்னும் டப்பாவில் இருக்கின்றன. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். வந்தவருக்கு மோர் கலக்குகிற மும்முரத்தில் உறைக்கவில்லை.

கம்பெனியிலிருந்து பதில் வந்தது. வாகனம் பரிசோதிக்கும் நிலையில் இல்லை, ஆனால் சம்பவ இடத்தில் தினமும் திறந்த சுடர் வைக்கப்பட்டு வந்ததாகத் தெரிகிறது, தீ வெளியிலிருந்து பற்றியிருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். சுடரைப் பற்றி அவர்களுக்குச் சொன்னது எதிர்வீட்டிலா, அன்றைக்குச் சாப்பாட்டின்போது உதவிக்கு வந்து பரிமாறிய நங்கையாவா என்று நான் விசாரிக்கவில்லை.

அந்தப் பதிலைப் படித்ததும் என் கணவருக்கு வந்ததே கோபம். "எங்கூட்டு வெளக்கு மேல பழியப் போடறானா? கோர்ட்டுக்கு இழுக்காம உட்டா நான் மனுசனில்லே" என்று தெருவில் நின்று சத்தம் போட்டார். பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்காக அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஹாலில் சுவர் இன்னும் கறுப்பாக இருந்தது, சோபா இல்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தோம், ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. அன்று ராத்திரி அவருக்குப் பிடித்த சந்தவை செய்தேன்.

எங்கள் வக்கீல் என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன். அதுவரை நிலத்தகராறு தவிர வேறு வழக்கு பார்த்ததில்லை. நுகர்வோர் ஆணையத்தில் அவர் போட்ட மனுவில் ஸ்கூட்டருக்குக் கிழக்கே யார், மேற்கே யார் என்று நான்கு எல்லை மட்டும்தான் எழுதவில்லை. தயாரிப்பில் குறைபாடு, அதனால் வீடு எரிந்தது, உற்பத்தி செய்தவரும் விற்றவரும் பொறுப்பு என்று சொல்லவேண்டியதையும் எங்கேயோ நடுவில் சொல்லியிருந்தார்.

கம்பெனி தாக்கல் செய்த பதிலில் நான் வந்தேன். மனுதாரரின் மனைவி, மதநம்பிக்கையின் காரணமாக, வாகனத்தின் அருகில் திறந்த நெருப்பை வழக்கமாக வைத்து வந்தார் என்று ஆங்கிலத்தில் இருந்தது. என் வாழ்நாளில் என்னைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட முதல் வாக்கியம் அது. ஷோரூம் மேனேஜர் அதே வண்டியைச் சுற்றிக் கற்பூரம் காட்டினாரே, அது எந்த நம்பிக்கையின் காரணமாக என்று அண்ணனைக் கேட்கச் சொன்னேன். கேட்கலாம், ஆனால் பூசணிக்காய்க்கு பில் இருக்கிறதா என்றார்.

பிறகு வாய்தா, வாய்தாவாக நடந்தோம். ஒரு தடவை அவர்கள் கேட்பார்கள், அடுத்த தடவை நாங்கள் கேட்போம். எதிர்க்கட்சி வக்கீலைப் பார்த்தால் என் கணவர் எழுந்து நின்று "வாங்க, சாப்டாச்சுங்களா" என்பார். கேஸ் வேறு, மரியாதை வேறு. நான் மட்டும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கம்பெனிக்கு ஆஜரானவர் ஒரு இளம்பெண், பொள்ளாச்சிப் பக்கம். என் மகள் வயதுதான் இருக்கும். இந்த மாதிரி வழக்கில் பெரும்பாலும் எல்லாமே எழுத்தில் முடிந்துவிடுமாம். அவர் தனியாக அனுமதி வாங்கி, என் கணவரை நேரில் விசாரிக்க வேண்டும் என்றார். அண்ணன் முதல்நாளே வீட்டுக்கு வந்து பாடம் நடத்தினார். எது கேட்டாலும் இல்லீங்க, தெரியாதுங்க, ஞாபகமில்லீங்க, இந்த மூன்றுக்கு மேல் வாயைத் திறக்கக்கூடாது. என் கணவர் மூன்றையும் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அந்தப் பெண் குரலை உயர்த்தவே இல்லை. கோர்ட் என்றால் மேஜையைத் தட்டுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அவரோ விருந்தாளி வீட்டுக்கு வந்ததுபோல ஆரம்பித்தார்.

"ஏனுங்க, நீங்க பட்டறை வெச்சிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேனுங்க."

"ஆமாங்க. அப்பா காலத்துல இருந்தே."

"அப்ப மெசினெல்லாம் உங்களுக்கு அத்துபடிங்க."

"ஏதோ கொஞ்சம் தெரியுமுங்க."

எங்கள் ஊரில் ஒருவர் இப்படிச் சொன்னால் எல்லாம் தெரியும் என்று அர்த்தம். அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்தச் சார்ஜர்ல சூடானா தானா நிக்கற மாதிரி ஒரு ஏற்பாடு இருக்குதுங்க. உங்குளுக்கு அதுல ஏதாச்சும் குறை தெரிஞ்சுதுங்களா?"

"இல்லீங்க."

"இருக்காதுங்க. எங்க இன்ஜினியருங்க ரொம்ப யோசிச்சுப் பண்ணுனதுங்க. அதைய விட நல்லா ஆராலயும் பண்ண முடியாதுன்னு எழுதியே குடுத்திருக்கறாங்க. உங்குள மாதிரி வேலை தெரிஞ்சவிங்க பாத்தாலே அது புரிஞ்சிருக்குமுங்களே?"

என் கணவரின் பிடரி சிவப்பதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். ஞாபகமில்லீங்க என்று சொல்லவேண்டிய இடம். அண்ணன் இருமினார்.

"ஆருங்க அப்படி எழுதிக் குடுத்தது?" என்றார் என் கணவர்.

"எங்க இன்ஜினியருங்க."

"அவிங்களுக்கு என்னங்க தெரியும்? அதெல்லாம் ஒரு ஏற்பாடுங்களா? சித்தரை வெயில்ல கொஞ்ச நேரம் ஓடும், அப்பறம் நின்னுக்கும். உள்ள ஒரு சின்ன ஒயருங்க, அதுதான் நிறுத்துது. நாந்தான் அதைய எடுத்துப்போட்டு நேராக் குடுத்தேன். அதுக்கப்பறம் ஒரு நாளாச்சும் நின்னுதுங்களா? எரியற வரைக்கும் நிக்கலீங்க."

தலைமை வகித்தவர் கண்ணாடியைக் கழற்றி, கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள், பதிய வேண்டும் என்றார். என் கணவர் திரும்பவும் சொன்னார். அவருக்குப் புரியவில்லையோ என்று நினைத்து, ஒரு பேப்பர் கேட்டு வாங்கி, சார்ஜரின் உள்பக்கத்தைப் படமாகவே வரைந்து காட்டினார். எந்த ஒயரை எடுத்தார், எதை எதோடு சேர்த்தார் என்று அம்புக்குறி போட்டார். நல்ல படம். அந்தப் பெண் "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லி உட்கார்ந்தார். அண்ணன் கண்ணை மூடியிருந்தார்.

எனக்கு முதலில் தோன்றியது, அப்பாடா, என் விளக்கு இல்லை என்பதுதான். அது ஒரு நொடி. அடுத்த நொடி மற்றதெல்லாம் வந்தது. இவருக்கு முதல்நாளிலிருந்தே தெரியும். கரித்தண்ணீரில் நான் நின்று அழுதபோது தெரியும். நங்கையா இட்லி ஊட்டியபோது தெரியும். சார்ஜரைக் குப்பையில் போட்டபோது தெரியும். தெருவில் நின்று எங்கூட்டு வெளக்கு என்று கத்தியபோதும் தெரியும். நான் சந்தவை பிழிந்து பரிமாறினேன், தேங்காய்ப்பால் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்படியொரு கோபம் அதற்கு முன்னால் எனக்கு வந்ததில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அண்ணன் பாதி வழியிலேயே வேலை இருக்கிறது என்று இறங்கிக்கொண்டார்.

"தூசி தட்டறேன்னீங்களே" என்றேன்.

ராமநாதபுரம் சிக்னல் தாண்டியதும், "தூசியும் இருந்துச்சு" என்றார்.

மனு தள்ளுபடி ஆனது. பொருளை வாங்கியவரே மாற்றியமைத்த பிறகு தயாரிப்பில் குறை என்று சொல்ல முடியாது என்று உத்தரவு. விளக்கைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. தேவைப்படவில்லை போல. ஆனால் எங்கள் சொந்தக்காரர்கள் யாரும் ஆணையத்தின் உத்தரவைப் படிக்கிறவர்கள் இல்லை. அவர்களுக்கு என் கணவர் சொன்னதுதான் உத்தரவு. "பெரிய கம்பெனிங்க, நம்மளால முடியுமா" என்றார் எல்லோரிடமும். நங்கையா போனில், அப்ப வெளக்குன்னே தீர்ப்பாயிருச்சா என்று கேட்டது அடுப்படிவரை கேட்டது. "அதென்னமோ இங்கிலீசுல எழுதியிருக்கறாங்கக்கா" என்றார் இவர்.

நான் கரண்டியோடு வெளியே வந்தேன். அடுத்த மாதம் போர்ட்டிகோ வேலை முடிந்து சின்னதாக ஒரு கணபதி பூஜை வைத்திருந்தோம். சொந்தமெல்லாம் வரும். குத்துவிளக்கை நான்தான் ஏற்ற வேண்டும். "நீங்க உங்கக்காகிட்ட எல்லாரு முன்னாலயும் உண்மையச் சொல்லுங்க. சொல்ற வரைக்கும் நான் தீக்குச்சியத் தொடமாட்டேன். உங்க பூஜை, உங்க விளக்கு, என்னமோ பண்ணிக்குங்க" என்றேன். சரி சரி என்றார். அவருடைய சரி சரியை நான் மிக்ஸி காலத்திலிருந்து அறிவேன்.

பூஜையன்று எல்லோரும் வந்தார்கள். புதுக்கூரை, புதுப் பெயின்ட், புது சோபா. ஐயர் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, அம்மா விளக்கேத்துங்கோ என்றார். நான் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஐயர் மறுபடியும் சொன்னார். நின்றேன்.

"என்ன அம்மிணி, பயமா இருக்குதா?" என்றார் நங்கையா. எல்லோரும் சிரித்தார்கள். கேலியாகச் சிரிக்கவில்லை, பாசமாகத்தான் சிரித்தார்கள். அவர் பைக்குள் கைவிட்டு இன்னொரு பேட்டரி விளக்கை எடுத்தார். இது போன தடவை வாங்கியதைவிடப் பெரியது. "இதைய வேணும்னா வெச்சுக்கலாமுங்களா சாமி" என்று ஐயரையே கேட்டார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். புதுக்கூரை, அதில் பார்க்க ஒன்றுமில்லை. நேரம் ஆகிறது என்றார் ஐயர். நான் தீப்பெட்டியைப் பூஜைத்தட்டில் வைத்துவிட்டு, இரண்டு எட்டு பின்னால் வந்து நின்றேன். சிரிப்பு நின்றது.

"அக்கா" என்றார் என் கணவர். கனைத்துக்கொண்டார். "வெளக்கு இல்லீங்கக்கா. சார்ஜர நாந்தான் பிரிச்சு மாத்திப்போட்டேன். அதுலதான் புடிச்சுது. வெளக்குக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லே."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த வார்த்தைக்காக எவ்வளவு நாள் காத்திருந்தேன். நங்கையா என்னைப் பார்ப்பார், என் கையைப் பிடிப்பார், ஏதாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றேன்.

நங்கையா தம்பியின் கையைப் பிடித்தார்.

"அட, அதுக்கென்ன கண்ணு. நீ என்ன, வேணும்னேவா செஞ்சே? கம்பெனிக்காரன் பண்ணுனது சரியில்லீன்னுதான கைய வெச்சே. வேலை தெரிஞ்சவனுக்கு கை சும்மா இருக்குமா?"

"நல்லது பண்ணப்போயி இப்படி ஆயிருச்சு. நேரமுங்க" என்றார் ஒரு பெரியப்பா.

"நேரந்தானுங்க" என்றார்கள் மற்றவர்கள்.

யாரோ ஒருவர் எந்த ஒயரை எடுத்தீங்க என்று கேட்டார். என் கணவர் கைக்குக் கிடைத்த ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்தார். ஆண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். சூடு தாங்குகிற மாதிரி அதை வேறு விதமாக எப்படிச் செய்திருக்கலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இவ்வளவு நாள் விளக்காக இருந்தபோது அது என் அஜாக்கிரதை. ஒயர் என்று ஆனதும் அது நேரம். அந்த இடைவெளியில் யாரும் என் பக்கம் திரும்பவே இல்லை.

"பொருத்து அம்மிணி, சாமிக்கு நேரமாகுது" என்றார் நங்கையா.

தீப்பெட்டியை எடுத்துக் குத்துவிளக்கைப் பொருத்தினேன். பூஜை நடந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள், கேசரி நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். பொழுது சாய்ந்து அவர்கள் கிளம்புகிற நேரத்தில், பேட்டரி விளக்குகள் இரண்டையும் எடுத்து என் கணவரின் மடியில் வைத்தேன், பிரித்து விளையாடட்டும் என்று. பிறகு பரணிலிருந்த என் பழைய அகலைக் கழுவித் துடைத்து, வாசற்படியின் இடப்பக்கம் அதே இடத்தில் வைத்தேன்.

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த நங்கையா நிமிர்ந்து பார்த்தார்.

"பாத்து வெய்யி அம்மிணி" என்றார், பழக்கதோஷத்தில்.

"சரிங்க நங்கையா" என்று சொல்லி, எண்ணெயை விளிம்பு தொடும்வரை ஊற்றினேன்.